'என்று' என்ற ஒரு சொல்: பொன்னியின் செல்வனுக்குள் நுழைய ஒரு வழி

சேலத்தில் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், நினைவஞ்சலி அட்டை என்று நாள் முழுவதும் ஏதாவது ஒன்று மேஜையில் கிடக்கும். (இந்த வாக்கியத்தில் வந்த 'என்று'வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.)

என் அக்கா மகள் ஏற்காட்டில் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தமிழைச் சரளமாகப் பேசுவாள். பள்ளியில் வேறு மொழி எடுத்துவிட்டதால் வாசிப்பு மட்டும் எழுத்துக் கூட்டித்தான். சென்ற கோடை விடுமுறையில் வீம்பாகப் பொன்னியின் செல்வனைக் கையில் எடுத்தாள். மூன்றாம் நாளே புத்தகத்தோடு என் முன்னால் வந்து நின்று, "மாமா, வரிக்கு வரி 'என்று' வருகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டுப் படித்தால் என்ன?" என்று கேட்டாள்.

விட்டுவிட்டுத்தான் படித்துப் பாரேன் என்றேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கதாபாத்திரங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவது போல இருக்கிறதாம். யார் சொன்னது, யார் மனதில் நினைத்தது, ஊரார் வதந்தி எது, ஒன்றும் பிடிபடவில்லையாம். ஒரு சதிக் கதையில் இது பிடிபடவில்லை என்றால் மீதி எது பிடிபட்டும் பயனில்லை. அவளுக்காக நான் வகுத்துக் கொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கு இலக்கணப் பயிற்சி தேவையில்லை. பென்சில், ரப்பர், பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் கத்தரித்த துண்டுத்தாள்கள் இருந்தால் போதும்.

முதல் வேலை: புத்தகமும் முகவரியும்

கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதன் பிறகு இந்த நாவலைப் போடாத பதிப்பகம் குறைவு. எந்தப் பதிப்பானாலும் சரி. மாவட்ட மைய நூலகத்துப் பிரதி என்றால் பென்சிலால்கூடக் கோடு போடாதீர்கள், துண்டுத்தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துண்டுத்தாளில் பக்க எண்ணைக் குறிக்க வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், உங்கள் 112ஆம் பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் புத்தகத்தில் 140 ஆக இருக்கும். பாகம், அத்தியாயம் இரண்டையும் எழுதுங்கள். ஐந்து பாகங்கள், மொத்தம் 293 அத்தியாயங்கள். முதல் பாகம் 26ஆம் அத்தியாயம் என்றால் '1-26'. எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்துவிடலாம்.

இன்னொன்று. இது கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை. வாரா வாரம் வாசகரை அடுத்த இதழுக்கு இழுத்து வர வேண்டிய எழுத்து. நம் சொல்லின் ஒரு பயன்பாட்டுக்கு இதுவே காரணம், அது கீழே வரும்.

சேலத்துக்காரன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர முடியவில்லை. திருச்செங்கோட்டுக்கு அருகே ராஜாஜி நடத்திய காந்தி ஆசிரமத்தில் கல்கி சில ஆண்டுகள் இருந்தார். அங்கிருந்து வந்த விமோசனம் என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் அவருடைய உழைப்பு உண்டு. திருச்செங்கோடு இப்போது நாமக்கல் மாவட்டம். அப்போது எங்கள் சேலம் ஜில்லா.

இரண்டாவது வேலை: முதல் அத்தியாயத்தில் வட்டம் போடுவது

முதல் அத்தியாயத்தின் பெயர் 'ஆடித் திருநாள்'. கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் கூட்டம் திரளும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரே பாதி வரவேற்பு. கதையை மறந்துவிட்டு, அந்த அத்தியாயத்தில் 'என்று', 'என்ற', 'என்றான்', 'என்பது', 'என்னும்' எங்கே வந்தாலும் பென்சிலால் வட்டம் போடுங்கள். எல்லாம் 'என்' என்ற ஒரே வினையின் பிள்ளைகள். 'என்' என்றால் சொல் என்று பொருள். 'என்றான்' என்றால் சொன்னான். 'என்று' என்றால் சொல்லி. பேச்சில் நாம் 'ன்னு' என்று தேய்த்துவிடுவது இதைத்தான். அக்கா மகளுக்கு இதைச் சொன்னதும் பாதிப் பயம் போய்விட்டது. அவள் நாளுக்கு ஆயிரம் முறை சொல்லும் 'ன்னு'தான் புத்தகத்தில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறது.

கதை தொடங்கியதுமே ஓர் ஏரி வருகிறது. "அதற்கு வீரநாராயண ஏரி என்று பெயர்" என்று எழுதுகிறார் கல்கி. சற்றுத் தள்ளி, அந்தப் பெயர் சிதைந்து இப்போது வீராணத்து ஏரி 'என்ற பெயரால்' வழங்குவதையும் சொல்லிவிடுகிறார். முதல் பக்கத்து 'என்று'வில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பெயர் சூட்டும் வேலையை அது பார்க்கிறது. எங்கள் மலையைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறோம்: "ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு என்று ஆனது என்று சொல்கிறார்கள்." இங்கே இரண்டு 'என்று'. முதலாவது பெயர் சூட்டுகிறது. இரண்டாவது, 'இது நான் சொல்வதில்லை, ஊர் சொல்வது' என்று கையைக் கழுவிக்கொள்கிறது. இந்த வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டால் உங்களுக்கு நாவல் திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வேலை: வலப்பக்கம் ஒரு பார்வை, பிறகு இடப்பக்கம்

தமிழ் வாக்கியத்தில் பொறுப்பாளி கடைசியில்தான் வருவார். மேற்கோள் முழுவதும் ஓடி முடிந்த பிறகே 'என்று கேட்டான்', 'என்று முணுமுணுத்தாள்' என்பது வரும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் தொடக்கம் மறந்துவிடும். ஆகவே நீண்ட வாக்கியம் வந்தால் 'என்று' மேல் விரலை வைத்துக்கொண்டு முதலில் வலப்பக்கம் பாருங்கள். அங்கே நிற்கும் வினை என்ன? சொன்னானா, நினைத்தானா, கேள்விப்பட்டானா, பாசாங்கு செய்தானா? பிறகு இடப்பக்கம் திரும்பி, சொன்ன விஷயத்தைப் படியுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக வந்தால்? மாதிரிக்கு நானே ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன்: "'அண்ணன் நாளை வருவான் என்று அம்மா சொன்னாள்' என்று தம்பி என்னிடம் சொன்னான் என்று நினைவு." இதில் மூன்று 'என்று'. வெங்காயத் தோல் போல வெளிப்பக்கத்திலிருந்து உரிக்க வேண்டும்: என் நினைவு, அதற்குள் தம்பியின் வாய், அதற்குள் அம்மாவின் வாய். முதல் பாகத்தில் 'நடுநிசிக் கூட்டம்' என்ற அத்தியாயம் வரும்போது இந்த உரிப்பு மிகவும் உதவும். கடம்பூர் மாளிகையில் பெரிய தலைகள் கூடிப் பேச, அதைக் கதாநாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறான். எது நடந்தது, எது நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று பிரித்துக்கொண்டே போனால்தான் அந்தக் கூட்டத்தின் நெடி தெரியும்.

நான்காவது வேலை: குவியல்

இப்போது துண்டுத்தாள். ஒரு தாளுக்கு ஒரு 'என்று'. அதன் முன்னும் பின்னும் நாலு சொற்கள், ஓரத்தில் அத்தியாய எண். ஐம்பது தாள் சேர்ந்ததும் தரையில் பரப்பிக் குவியல் போடுங்கள். குவியலின் பெயர்களை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் கடைசியில் நின்றவற்றைச் சொல்கிறேன்.

சொல்வதும் நினைப்பதும் பெரிய குவியல். அதில் சொல்ல ஒன்றுமில்லை, மலை போல வளரும்.

பெயர் சூட்டும் குவியல் சிறியது, ஆனால் பத்திரமாக வையுங்கள். இந்த நாவலில் ஆளுக்கு இரண்டு மூன்று பெயர். அருள்மொழிவர்மன்தான் பொன்னியின் செல்வன். திருமலையப்பன்தான் ஆழ்வார்க்கடியான். புதியவர்கள் பாதி வழியில் புத்தகத்தை மூடுவதற்குப் பெயர்க் குழப்பமே முதல் காரணம் என்பது என் எண்ணம். 'என்ற', 'என்னும்', 'என்பவன்' வந்த தாள்களைத் தனியாகக் கட்டி வைத்தால் கதாபாத்திரப் பட்டியல் தானாகவே கைக்கு வந்துவிடும்.

ஓசைக் குவியல்தான் எங்களுக்குப் பிடித்தது. சட்டென்று, திடீரென்று, திடுக்கென்று, பளிச்சென்று, கலகலவென்று, சலசலவென்று. 'கலகல' என்று சிரிப்பு சொன்னதாம், 'சலசல' என்று நீர் சொன்னதாம். தமிழில் பொருள்களுக்கும் வாய் உண்டு, அந்த வாயும் இந்த 'என்று'தான். ஒளிக்குக்கூட வாய் கொடுத்துவிட்டோம், பளிச்சென்று மின்னுகிறது. இவற்றுள் 'திடீரென்று' வந்த தாள்களைத் தனியே எடுத்து, அத்தியாயத்தின் எந்த இடத்தில் வருகின்றன என்று குறித்துப் பாருங்கள். வாராந்தரத் தொடர் எழுதுபவரின் கைவேலை அங்கே தெரியும்.

நோக்கக் குவியலுக்குக் கண் சற்றுக் கூர்மையாக வேண்டும். "வண்டி வேடிக்கை பார்க்கலாம் என்று குகைக்குப் போனேன்." (குகை என்பது எங்கள் சேலத்தில் ஒரு பகுதி, வண்டி வேடிக்கை அங்கே ஆடித் திருவிழாவில் நடப்பது.) இதில் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, 'நினைத்து' என்ற சொல்லும் இல்லை. என் மனதின் திட்டம் முழுவதையும் ஒரு 'என்று' தூக்கிக்கொண்டு போகிறது. ஒற்றர்கள் நிறைந்த கதையில், ஒருவன் ஓரிடத்துக்குப் போனான் என்பதைவிட எதற்கென்று போனான் என்பதே முக்கியம்.

'தனக்கென்று' வரும் தாள்களை எதில் சேர்ப்பது என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். தனக்கென்று ஒரு வீடு, அவளுக்கென்று ஒரு பங்கு. ஒதுக்கி வைப்பது போன்ற பொருள். கடைசியில் அதற்குத் தனிக் குவியல் கொடுத்தோம். வந்தியத்தேவனை நினைத்துப் பாருங்கள்: வாணர் குலத்தில் பிறந்தவன், முன்னோர் ஆண்ட நாடு போய்விட்டது, குதிரையும் வாளும் பிறர் கொடுத்தனுப்பிய ஓலையும்தான் மிச்சம். தனக்கென்று ஒன்றும் இல்லாதவன் ஊரெல்லாம் மற்றவர்களின் சொல்லைச் சுமந்துகொண்டு திரிகிறான். இது என் வாசிப்பு. நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

பட்டியல் 'என்று' தெரிந்ததுதான்: முதல் பத்தியில் பத்திரிகை, மலர், அட்டை என்று அடுக்கினேனே, அது. வதந்தி அடுக்கும் இதே சாதி: அவர் நோயில் கிடக்கிறார் என்றும், இல்லை காவலில் இருக்கிறார் என்றும். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. 'என்றும்' என்பதற்கு 'எப்போதும்' என்ற பொருளும் உண்டு. 'என்று வருவாய்?' என்று கேட்டால் அது எந்த நாள் என்ற கேள்வி. 'என்றோ நடந்தது', 'என்றாவது ஒருநாள்' எல்லாம் அந்த வகை. வடிவம் ஒன்று, பிறப்பு வேறு. இவற்றை வெளியே ஒதுக்கி வையுங்கள், உறவினர் என்று உள்ளே சேர்த்துவிடாதீர்கள்.

'என்றால்', 'என்றாலும்', 'ஏனென்றால்' மூன்றும் வாதத்தைக் கட்டும் ஆணிகள். புதியவர்கள் இப்போதைக்கு எண்ணிக்கையோடு விட்டுவிடலாம்.

ஐந்தாவது வேலை: ஒரு காட்சியை நிதானமாகப் படிப்பது

குவியல் போட்டுப் பழகிய கையோடு முதல் பாகம் 26ஆம் அத்தியாயத்துக்குப் போங்கள். அதன் பெயரே 'அபாயம்! அபாயம்!'. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் ஓலையோடு வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைந்து, நோயுற்ற சக்கரவர்த்தி சுந்தர சோழரின் முன்னால் நிற்கிறான். கோட்டைக் காவல் பொறுப்பு சின்னப் பழுவேட்டரையரிடம். கிடைத்த நொடியில் அவன் சக்கரவர்த்தியிடம் 'அபாயம்' என்று எச்சரிக்கப் பார்க்கிறான், அது பழுவேட்டரையரின் காதில் அரைகுறையாக விழுந்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று கேள்வி வந்ததும், தான் சொன்னது 'அபயம்' என்று சாதிக்கிறான்.

ஒரு கால் எழுத்துதான் வித்தியாசம். 'அபாயம்' என்றால் ஆபத்து, 'அபயம்' என்றால் அடைக்கலம். முதலாவது என்றால் ராஜத் துரோகக் குற்றச்சாட்டு, இரண்டாவது என்றால் பணிவான விண்ணப்பம். உயிர் தொங்குவது 'என்று'வுக்கு இடப்பக்கம் எந்தச் சொல் நின்றது என்பதில். நாலு பேர் கேட்ட சொல்லையே மாற்றிச் சொல்ல முடியும் என்றால், காணாத இடத்தில் சொன்னதாகச் சொல்லப்படுவதை எப்படி நம்புவது? இந்தக் காட்சியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வந்தியத்தேவனின் பங்கை அக்கா மகள் எடுத்துக்கொண்டாள், அதட்டும் பங்கு எனக்கு. சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "என்ன அபாயம்?" என்று கேட்டாள். "அபயம் அம்மா, அபயம்!" என்று இவள் சாதித்தாள். அன்றைக்கே அவளுக்கு நாவல் பிடிபட்டுவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பிற்பாகங்களில் கரிகாலனைப் பற்றிய பகுதிகளுக்கு வரும்போதும் இந்தக் காட்சியை நினைவில் வையுங்கள். கதையைச் சொல்லிவிடக் கூடாது, இதற்கு மேல் எழுத மாட்டேன். யார், எதை, யாரிடம் 'என்று' சொன்னார் என்று தாளில் எழுதிக்கொண்டே போங்கள், அவ்வளவுதான்.

ஆறாவது வேலை: கணினியில் தேடுபவர்களுக்கு

தமிழ் நூல்களை இணையத்தில் தொகுத்து வைக்கும் மதுரைத் திட்டத்தில் நாவலின் மின்வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது. துண்டுத்தாளுக்குப் பொறுமை இல்லாதவர்கள் அதை எடுத்துத் தேடலாம். ஆனால் 'என்று' என்று தட்டிவிட்டு வந்த எண்ணிக்கையை நம்பிவிடாதீர்கள். தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உண்டு என்று, 'உண்டென்று' ஆகிவிட்டால் 'எ' என்ற எழுத்தே மறைந்து கொம்பாகிவிடும், தேடலில் அது சிக்காது.

சரி, 'ன்று' என்று தேடலாமே என்றால் அன்று, இன்று, ஒன்று, மூன்று, நின்று, குன்று எல்லாம் வலையில் வந்து விழும். இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. போர்க் கதையாயிற்றே, எத்தனை முறை வெற்றி பெறுகிறார்கள் பார்ப்போம் என்று 'வென்று' தேடினால், 'கலகலவென்று' சிரித்தவர்கள் எல்லோரும் அதில் வந்து நிற்பார்கள். 'சென்று' தேடினால் 'பளிச்சென்று' வரும். 'மென்று' தேடினால் யாரும் வெற்றிலை மென்றிருக்க மாட்டார்கள், 'வேண்டுமென்று' வரும். இயந்திரம் அள்ளிக் கொடுக்கும், பொறுக்குவது நீங்கள்தான்.

தேடுவதோடு நில்லுங்கள், மாற்றிவிடாதீர்கள். இதற்கு என் சொந்த அனுபவம் சாட்சி. ஒரு நினைவு மலரில் வரிகள் நீண்டு பக்கம் மீறிக்கொண்டிருந்தன. 'என்று' எல்லாவற்றையும் 'என' ஆக்கினால் இடம் மிச்சமாகுமே என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிட்டேன். நள்ளிரவு, தூக்கக் கலக்கம். காலையில் அச்சான முதல் படிவத்தைக் கையில் எடுத்தால், கடைசிப் பக்கத்தில் 'என்றும் நீங்காத நினைவுகளுடன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எனம் நீங்காத நினைவுகளுடன்' என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. அந்தப் படிவம் முழுவதையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

இன்னொரு பாடமும் அதில் இருந்தது. 'என்று கூறினார்' என்பதில் ஒற்று மிகாது. 'என' ஆக்கினால் 'எனக் கூறினார்' என்று க் வந்தாக வேண்டும். அதையும் நான் போடவில்லை. நாவலைப் படிக்கும்போது இந்த இரண்டையும் கவனித்து வாருங்கள். எழுதும்போது ஒற்றுப் பிழை தானாகக் குறையும்.

எவ்வளவு நாள்?

முதல் பாகத்தில் ஒரு பத்து அத்தியாயங்களுக்கு மட்டும் தாள் எழுதினால் போதும். 293 அத்தியாயங்களுக்கும் எழுதப் புறப்படுபவர் கதையைப் படிக்கப் போவதில்லை. பத்துக்குப் பிறகு விரல் தானாகவே 'என்று'வைத் தேடும், தாள் வேண்டியிருக்காது. எந்தக் குவியலிலும் சேராத தாள்களை மட்டும் ஒரு கவரில் போட்டு வையுங்கள், மூன்றாம் பாகம் படிக்கும்போது சிலவற்றுக்கு இடம் கிடைக்கும்.

விடுமுறை முடிந்து அவளை விடுதியில் விட மலையேறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் திரும்பத் திரும்ப அவள் இரண்டாம் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். எனக்குத்தான் தலை சுற்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து போன் செய்தாள்.

"சாப்பாடெல்லாம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இன்றைக்கு நெய்த்தோசை என்றார்கள், மாமா."

"என்றார்களா, போட்டார்களா?"

"என்றார்கள்."